ஒன்பது அலைகளில் ஏறியும் கடைசி இடம் ஏன்?

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஒன்றரை ஆண்டாகக் கோவளத்தில் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) கற்கிறாள். அண்மையில் முதன்முறையாக ஒரு போட்டியில் கலந்துகொண்டாள். ஒன்பது அலைகளில் ஏறியும் அவளுக்குக் கடைசி இடம்தான். மூன்றே அலைகளில் ஏறிய சிறுமிக்கு முதலிடம். நடுவர்கள் பாரபட்சம் காட்டிவிட்டார்களா? இந்த விளையாட்டில் இவளுக்கு எதிர்காலம் உண்டா? – ஒரு தாய், செங்கல்பட்டு.

பதில்: முடிவு கட்டுவதற்கு முன், அமைப்பாளர்களிடம் மதிப்பெண் விவரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அலைச்சறுக்கில் எத்தனை அலை ஏறினோம் என்பது கணக்கிலேயே வராது. மிகச் சிறந்த இரண்டு அலைகளின் மதிப்பெண்கள் மட்டுமே சேரும். ஓர் அலைக்கு ஐந்து நடுவர்கள் 6.5, 6, 5.5, 5.5, 5 என்று போட்டால், உச்சத்தில் உள்ள 6.5, அடியில் உள்ள 5 இரண்டும் கழிந்துவிடும். மீதி மூன்றின் சராசரி 5.67. வேண்டியவர் என்று ஒரு நடுவர் அள்ளிக் கொடுத்தாலும் அந்த எண் பெரும்பாலும் இப்படியே உதிர்ந்துவிடும். அந்தச் சிறுமி இதனுடன் இன்னொரு அலையில் 4 வாங்கியிருந்தால் மொத்தம் 9.67. உங்கள் மகளின் ஒன்பதில் சிறந்தவை 3, 2.8 என்றால் 5.8தான்.

எழுந்து நின்று கரைவரை நேராக வந்து சேர்வது கற்கும் பிள்ளைக்குப் பெரிய சாதனைதான். ஆனால் நடுவர்கள் பார்ப்பது அலையின் சுவரில் பக்கவாட்டாக ஓடும் வேகத்தை, நுரை உடையும் இடத்துக்கு அருகில் பலகையைத் திருப்பும் துணிச்சலை, ஒரு திருப்பத்திலிருந்து அடுத்ததற்குத் தடங்கலின்றிப் போகும் ஓட்டத்தை. வரும் அலையிலெல்லாம் ஏறினால், ஒவ்வொரு முறையும் கைகளால் துடுப்புப் போட்டு அலை உடையும் இடத்துக்குத் திரும்ப வேண்டும். இருபது நிமிடச் சுற்றில் நல்ல அலை வரும்போது தோளில் வலு இருக்காது. உங்கள் மகளுக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இன்னொன்றையும் விசாரியுங்கள்: ஓர் அலையில் ஏறும் முன்னுரிமை பெற்ற வீராங்கனையின் குறுக்கே நுழைந்தால் மதிப்பெண்ணில் பெரிய வெட்டு விழும்.

ஆகவே அவள் பழக வேண்டியது காத்திருப்பதை. தண்ணீரில் இறங்கும் முன் கால் மணி நேரம் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கட்டும். அலைகள் எத்தனை கூட்டமாக வருகின்றன, இடையில் எவ்வளவு நேரம் கடல் அடங்குகிறது என்று எண்ணட்டும். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை நம் மீனவர்கள் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து வந்தால் வன்னி. அன்றைக்கு எது ஓடுகிறது என்று கரையில் வலை பிரிக்கும் பெரியவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். தெண்டி வலுவாக இருந்தால், பலகையில் சும்மா உட்கார்ந்திருப்பவளையும் அது வடக்கே தள்ளிவிடும். கரையில் ஒரு பனையையோ கட்டடத்தையோ அடையாளம் வைத்து, அதற்கு நேராகவே நிற்கப் பழகட்டும். பயிற்சியாளர் இதைக் கற்றுத்தரவில்லை என்றால், கற்றுத்தரும்படி கேளுங்கள்.

எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். 1964இல் சிட்னியின் மேன்லி கடற்கரையில் முதல் உலகப் போட்டி நடந்தது. ஒலிம்பிக்கில் நுழைய 2021 வரை, டோக்கியோ போட்டிவரை, காத்திருக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் இந்திய அலைச்சறுக்குக் கூட்டமைப்பு 2011இல் பிறந்தது. கோவளத்து மீனவ இளைஞர் மூர்த்தி மேகவன் முன்னின்று தொடங்கிய பள்ளி 2012இல் வந்தது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு அதுவே முதல் ஆசியப் பதக்கம். 2026 ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் அலைச்சறுக்கு சேர்க்கப்பட்டிருக்கிறது. தேசியப் போட்டிகளில் பதினாறு வயதுக்கு உட்பட்ட சிறுமியருக்குத் தனிப் பிரிவு உண்டு. அதில் மோத உங்கள் மகளுக்கு இன்னும் சில ஆண்டுகள் கையில் இருக்கின்றன. ஆனாலும் இதில் பிழைப்பு நடத்துபவர்கள் நம் நாட்டில் மிகச் சிலர். படிப்பை விட்டுவிடச் சொல்லும் யாரையும் நம்பாதீர்கள்.

மே முதல் செப்டம்பர்வரை நம் கரைக்குத் தெற்கிலிருந்து சீரான அலை வரும். போட்டிக்குப் பழக அதுவே காலம். வடகிழக்குப் பருவமழை இறங்கிய பிறகு கடல் முரடாகிவிடும். அந்த மாதங்களில் அவளை நீச்சல்குளத்துக்கு அனுப்புங்கள். பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு அறுந்தாலும் தானாக நீந்திக் கரை சேரும் தெம்பு வரும்வரை அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டாம்.