ஓடையின் சரிவைப் பார்த்து, மலை எங்கே வேகமாக உயர்கிறது என்று சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் சரிவை மட்டும் பார்த்தால் போதாது. அந்தச் சரிவில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான் தேவகோட்டைப் பக்கம். குன்றக்குடிக் குன்றை விட்டால் எங்கள் சுற்றுவட்டாரத்தில் மலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனாலும் இது எனக்கு விளங்கியது எங்கள் ஊர்க் கண்மாயில்தான். ஒரு கோடையில் சவுடு மண்ணுக்காக, வரத்துக்கால் வந்து சேரும் வாய்வரை ஆழமாகத் தோண்டிவிட்டார்கள். ஐப்பசி மழையில் வந்த தண்ணீர் அந்த வாயில் இடுப்பளவுப் பள்ளத்தில் குதித்து விழுந்தது. அடுத்த மழைக்குப் போய்ப் பார்த்தால், தண்ணீர் குதிக்கும் இடம் இருபதடி மேலே ஏறியிருந்தது. கார்த்திகை முடிவதற்குள் கரையில் இருந்த புளியமரத்தின் வேரெல்லாம் வெளியே தெரிந்தது. தோண்டியது கீழே, அறுபட்டது மேலே.

மலையாற்றிலும் இதே கதைதான். கடைசியில் போய்ச் சேரும் இடம் தாழ்ந்தாலும் சரி, மலை உயர்ந்தாலும் சரி, ஆற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். மலை உயரும் வேகத்துக்கு ஈடாகப் பாறையை அறுக்க ஆற்றுக்குக் கூடுதல் சரிவு தேவைப்படுகிறது.

சரி, எப்படி ஒப்பிடுவது? பொதுவாக ஆறு தலைப்பில் செங்குத்தாகவும் கீழே தட்டையாகவும்தான் இருக்கும். நீர்ப்பிடிப்புப் பரப்பு, அதாவது ஆற்றின் ஓர் இடத்துக்கு மழைநீர் வந்து சேரும் மேல்நிலத்தின் பரப்பு, 100 மடங்கு பெருகினால், சரிவு ஏறக்குறைய 8ல் ஒரு பங்காகக் குறையும். இந்த இயல்பான குறைவை ஈடுகட்டிய பிறகும் ஓர் ஓடை பக்கத்து ஓடையைவிடச் செங்குத்தாக இருந்தால்தான் அதற்குக் காரணம் தேட வேண்டும்.

கலிபோர்னியாவின் வடக்குக் கடற்கரையில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கடல் அலை செதுக்கிய மேடைகள் இப்போது எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்பதை வைத்து, அங்கே நிலம் உயரும் வேகம் ஏற்கெனவே தெரியும்: இடத்துக்கு இடம் வருஷத்துக்கு சுமார் 0.5 மில்லிமீட்டரிலிருந்து 4 வரை. வேகமாக உயரும் பகுதியில் ஓடைகளும் செங்குத்தாகவே இருந்தன. ஆனால் வேகம் 8 மடங்கு என்பதற்காகச் சரிவு 8 மடங்கு ஆகிவிடவில்லை; அதைவிட மிகக் குறைவாகத்தான் கூடியிருந்தது. எனக்கு இந்த ஆய்வில் பிடித்ததே இதுதான். சரிவு நல்ல சாட்சி, ஆனால் நேரடி அளவுகோல் இல்லை.

இன்னொன்று. கொடைக்கானல் போகும் வழியில் தலையாறு அருவி 297 மீட்டர் விழுவதைப் பார்த்துவிட்டு, பழனி மலை இப்போது உயர்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடினமான பாறை இருந்தாலும் ஆறு அங்கே செங்குத்தாகும். முன்பு எப்போதோ மலை உயர்ந்தபோது உண்டான செங்குத்துப் படி ஒன்று, எங்கள் வரத்துக்காலில் தண்ணீர் குதித்த இடம் போல, மெதுவாக மேலேறிக்கொண்டும் இருக்கலாம். அதனால் ஆற்றுமணலில் இருக்கும் பெரிலியம்-10 அணுக்களை (விண்வெளிக் கதிர்கள் பட்டு, தரைக்கு அருகே உள்ள பாறையில் உண்டாகுபவை; மலை வேகமாகத் தேய்ந்தால் குறைவாகவே சேரும்) அளந்து, மலை தேயும் வேகத்தைத் தனியாகக் கணக்கிடுவார்கள். சரிவு சொல்வதும் மணல் சொல்வதும் ஒத்துப்போகும் இடங்களைத்தான் நான் நம்புவேன்.