கடலடி மீன் கூட்டங்கள் நலமாக இருக்கின்றனவா என்று எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

காட், ஹாடாக், தட்டைமீன் போல கடல்தரையை ஒட்டி வாழும் மீன்களின் எண்ணிக்கை, அளவு, வயது, இனக்கலவை ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகின்றன என்று பார்ப்பதே இந்தக் கண்காணிப்பு. பிரிட்டனுக்கும் நார்வேக்கும் இடையிலுள்ள வட கடலில் பல நாட்டு ஆய்வுக் கப்பல்கள் சேர்ந்து இதைச் செய்கின்றன. ஒரே வகை இழுவலை, மணிக்கு 4 கடல்மைல் வேகம், வழக்கமாக 30 நிமிட இழுப்பு, அதுவும் பகலில் மட்டும்.

ஏன் இவ்வளவு கறார்? குழந்தையை மாதாமாதம் வேறு வேறு தராசில் நிறுத்தால், மாறியது எடையா தராசா என்று தெரியாது. வலையும் அப்படித்தான். அதன் அடிக்கயிறு தரையை விட்டு எழும்பினால் தட்டைமீன்கள் கீழே நழுவிவிடும். அந்த இழுப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வலையின் கடைசிப் பையில் 20 மி.மீ. கண்ணி இருப்பதால் இளங்குஞ்சுகளும் சிக்கும். அடுத்த சில ஆண்டுகளின் நிலையை முன்கூட்டியே காட்டுபவை அவைதான்.

பிடித்ததை இனவாரியாகப் பிரித்து, எடைபோட்டு, நீளம் அளப்பார்கள். சில மீன்களின் காதுக்கல்லில் (உட்காதில் இருக்கும் சிறு சுண்ணாம்புக் கல்) உள்ள வளையங்களை எண்ணி வயதைக் கணிப்பார்கள். எல்லாவற்றிலும் முதலில் பார்க்க வேண்டியது, 40 செ.மீ.க்கு மேற்பட்ட மீன்களின் எடைப்பங்கு என்பேன். மீன்பிடிப்பு பெரிய மீன்களைத்தான் முதலில் குறைக்கும்.

துறைமுகத்தில் வந்திறங்கும் மீன் குறையாவிட்டால் கடல் நலம் என்று பலர் நம்புகிறார்கள். படகுகள் மீன் இருக்கும் இடத்தைத் தேடிப் போவதால், கூட்டம் சுருங்கும்போதும் பிடிப்பு குறையாமல் இருக்கலாம்.