வாடகை வீடு: ஏரியாவைப் பார்ப்பதா, ஸ்டேஷனைப் பார்ப்பதா?

கேள்வி: வேலை மாற்றலாகிச் சென்னைக்கு வருகிறேன். அலுவலகம் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். அம்மாவும் கூட வருகிறார். அவருக்குச் சத்தம் ஆகாது. வாடகை 15,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. தோழிகள் வேளச்சேரி என்கிறார்கள், மாமா நங்கநல்லூர் என்கிறார். எங்கே பார்க்கலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: வேளச்சேரியை விட்டுவிடுங்கள். அங்கே ரயில் உண்டு, ஆனால் அது உங்கள் பக்கம் வராது. பறக்கும் ரயில் மயிலாப்பூர் வழியாகக் கடற்கரை ஸ்டேஷனுக்குப் போகிறது. நீங்கள் பூங்கா நகரில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். தினமும் இரண்டு வேளை இது எதற்கு?

நுங்கம்பாக்கம் இருப்பது கடற்கரை–தாம்பரம் தடத்தில். அந்தத் தடத்தில் ஸ்டேஷனுக்கு நடந்துபோகும் தூரத்தில் எங்கே வீடு கிடைத்தாலும் சரி.

மாமா சொன்னதும் தப்பில்லை. பழவந்தாங்கலில் இறங்கினால் நங்கநல்லூர்தான். கோயில்கள் நிறைய, அம்மாவுக்குப் பொழுது போகும். ஆனால் விமான நிலையம் பக்கத்தில். சில தெருக்களில் தலைக்கு மேலேயே விமானம் போகும். கனமழை பெய்தால் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். ‘சைவம் மட்டும்’ என்கிற வீட்டுக்காரர்களும் உண்டு. மீன் சமைப்பவர் என்றால் முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

நானாக இருந்தால் குரோம்பேட்டையிலிருந்து கிழக்குத் தாம்பரம் வரை தேடுவேன். தெற்கே போகப் போக வாடகை இறங்கும். தாம்பரத்திலேயே கிளம்பும் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். செங்கல்பட்டு வண்டி காலையில் நிரம்பித்தான் வரும். ஜிஎஸ்டி சாலையை (தாம்பரம் வழியாகப் போகும் நெடுஞ்சாலை) ஒட்டி மட்டும் வேண்டாம், நாலு தெரு உள்ளே போங்கள்.

அமைதியான ஏரியா என்று புரோக்கர் எல்லா ஏரியாவையும்தான் சொல்வார். மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டைக் காட்டுவார். அந்த நேரத்தில் எந்தத் தெருவும் அமைதிதான். காலை ஏழரைக்கு ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை நீங்களே போய் நில்லுங்கள். பக்கத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறதா, கோயில் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது (ஆடி மாதத்தில் தெரியும் சேதி) என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட, பக்கத்து மனை காலியாக இருந்தால் யோசியுங்கள். இன்றைக்குக் காற்றோட்டம், நாளைக்கு அங்கே அபார்ட்மென்ட் எழும்பினால் ஒன்றரை வருடம் டிரில்லிங் சத்தம்தான்.

தெருமுனை இஸ்திரிக்காரரிடம், 2015 டிசம்பர் வெள்ளத்தில் இங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்று விசாரியுங்கள். வீட்டுக்காரரைவிட உண்மையாகச் சொல்வார். மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் அப்போது பட்ட பாடு ஊரறிந்தது.

அப்புறம் அட்வான்ஸ். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது. இருவரும் ஒப்புக்கொண்டால் கூடுதலாகவும் வாங்கலாம். அதனால் பத்து மாதம் கேட்பார்கள். பேரம் பேசுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கரண்ட் மீட்டர் தனியா என்று கேட்க மறக்காதீர்கள். தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு. துணை மீட்டர் என்றால் வீட்டுக்காரர் சொல்வதுதான் ரேட்.