பதில்: ரேடார் கருவியும் அளவுகோலும் ஒத்துப்போகாவிட்டால் எதை நம்புவது?

வணக்கம்ங்க. ஒகேனக்கல் பக்கம் காவிரி மட்டம் குறித்துப் பழகியவர், இப்போது கடல்மட்ட நிலையப் பயிற்சிக்குப் போகிறீர்கள். நீர்மட்டத்தை மேலிருந்து அலை அனுப்பி அளக்கும் ரேடார் கருவி ஒன்று காட்டி, நீரில் நட்ட அளவுகோல் வேறொன்று காட்டினால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நானும் கிருஷ்ணகிரிதான். உங்கள் அளவுகோல் பழக்கம் அங்கே நிச்சயம் கைகொடுக்கும்.

உடனே எதையும் நம்ப வேண்டாம். கடல் மட்டம் ஏறி இறங்கும் ஒரு முழு ஓதச் சுற்று, அதாவது சுமார் 12 மணி 25 நிமிடம், இரண்டையும் ஒரே நேரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். வித்தியாசத்தைக் கிடையாகவும் நீர்மட்டத்தைச் செங்குத்தாகவும் வைத்து வரைந்து பாருங்கள். கோடு நேராக நின்று பூஜ்ஜியத்தை விட்டுத் தள்ளியிருந்தால், கருவியின் பூஜ்ஜிய மட்டம் தவறு. சாய்ந்திருந்தால் அளவு விகிதம் தவறு. வளையமாக விரிந்தால் பெரும்பாலும் கடிகாரக் கோளாறு. வான் டி காஸ்டீல் சோதனை என்பது இதுதான். பயிற்சியில் இதையும், கரையில் உயரம் தெரிந்த நிலைக்குறியோடு கருவியின் மட்டத்தை ஒப்பிடும் பெஞ்ச்மார்க் லெவலிங்கையும் உங்கள் கையாலேயே செய்ய விடச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், ஆற்றில் மணிக்கொரு அளவு போதும். சுனாமி அலைகள் சில நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரையான இடைவெளியில் வரும். மணிக்கொரு அளவு எடுத்தால் தப்பிவிடும். நிமிடத்துக்கு ஒன்றாவது வேண்டும். 2004க்குப் பிறகு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் சேவை மையத்தில் அமைந்த சுனாமி எச்சரிக்கை மையம் இந்தத் தரவை வைத்துத்தான் அலை உண்மையிலேயே வந்ததா என்று உறுதி செய்கிறது. பேட்டரி, சோலார் தகடு, உப்பு படிந்த இணைப்புகளை விடாமல் கவனியுங்கள்.

எச்சரிக்கை வந்துவிட்டால் அளவுகோல் பார்க்கக் கரைக்கு இறங்கவே கூடாது, தயவுசெய்து.