லோடு ஏற்றினால் வண்டி ஏன் தள்ளிப் போய் நிற்கிறது?

வாசகர் கேள்வி: சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். காலியாக இருக்கும்போது பிரேக் நச்சென்று பிடிக்கிறது. 14 மூட்டை சிமென்ட் ஏற்றிவிட்டால் இழுத்துக்கொண்டு போய்த்தான் நிற்கிறது. பிரேக்கில் கோளாறு இல்லை என்கிறார் மெக்கானிக். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகனோ, "கணக்குப்படி எவ்வளவு எடை இருந்தாலும் நிற்கும் தூரம் ஒன்றுதான்" என்கிறான். யார் சொல்வது சரி?

மெக்கானிக் சொல்வதும் சரி, மகன் போட்ட கணக்கும் சரி, நீங்கள் உணர்வதும் உண்மை. மூன்றும் எப்படிப் பொருந்தும் என்று பார்ப்போம்.

ஓடும் வண்டியை நிறுத்த எதிர்விசை வேண்டும். அதே விசை, இரண்டு மடங்கு நிறை என்றால் வேகம் குறைவது பாதியாகிவிடும். நியூட்டனின் இரண்டாம் விதி சொல்வது இதுதான். அந்த விசையை டயருக்குக் கொடுப்பது சாலை. உலர்ந்த தார்ச்சாலையில் டயரின் உராய்வுக் குணகத்தை, அதாவது வண்டியின் எடையில் எத்தனை பங்கு பிடிப்பாகக் கிடைக்கும் என்பதை, 0.7 என்று வைத்துக்கொள்வோம். காலி வண்டி 800 கிலோ என்றால் சாலை அதிகபட்சமாகச் சுமார் 5,500 நியூட்டன் விசை தரும். 14 மூட்டை ஏறியதும் மொத்தம் 1,500 கிலோ. டயர் இன்னும் அழுத்தமாகப் பதிவதால், இப்போது சாலை 10,300 நியூட்டன் வரை தரத் தயார். நிறை எவ்வளவு கூடியதோ, கிடைக்கக்கூடிய விசையும் அதே அளவு கூடிவிட்டது. ஆகவே 60 கிலோமீட்டர் வேகத்தில் முழு பிரேக் போட்டால் இரண்டுமே சுமார் 20 மீட்டரில் நிற்கும். மகன் சொல்வது இதைத்தான்.

ஆனால் சாலை தரத் தயாராக இருக்கும் விசையைக் கேட்டு வாங்குவது உங்கள் கால். காலி வண்டிக்குப் பழகிய அதே அழுத்தத்தில் மிதித்தால், லோடு வண்டிக்கும் அதே 5,500 நியூட்டன்தான் கிடைக்கும். அப்போது 20 மீட்டர் 38 மீட்டராக நீளும். நீங்கள் உணரும் இழுவை பெரும்பாலும் இதுதான். லோடு இருக்கும்போது முன்கூட்டியே, இன்னும் அழுத்தி மிதிக்கக் காலைப் பழக்குங்கள். ஆளில்லாத திடலில் 30 கிலோமீட்டர் வேகத்தில் நாலைந்து முறை செய்து பார்த்தால் பிடிபடும்.

அந்த 10,300 நியூட்டன்தான் உங்கள் பிரேக்கின் முழுத் திறன் என்று வைத்துக்கொள்வோம். 28 மூட்டை ஏற்றினால் சாலை இன்னும் அதிகம் தரத் தயாராக இருக்கும். பிரேக்கால் அதை வாங்க முடியாது. எவ்வளவு மிதித்தாலும் நிற்க 30 மீட்டர் ஆகும். இங்கே மகனின் கணக்கு செல்லாது. அதனால்தான் ஆர்சியில் உள்ள மொத்த எடையைத் தாண்டாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி ஆகும் என்றால், 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள்ளேயே 17 மீட்டர் ஓடியிருக்கும். மேலே சொன்ன தூரங்களோடு இதையும் கூட்டிக்கொள்ளுங்கள். வேகத்தை 40 ஆகக் குறைத்தால் பிரேக் பிடிக்கும் தூரம் பாதிக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் மாறுகிறது.

மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள். சில வண்டிகளில் பின் அச்சுக்கும் சேசிஸ் என்னும் அடிச்சட்டத்துக்கும் நடுவே, லோடைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு இருக்கும். சேசிஸ் எவ்வளவு தாழ்கிறது என்பதுதான் அதற்கு அளவுகோல். ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டிருந்தால் லோடு ஏற்றியும் சேசிஸ் அவ்வளவாகத் தாழாது. வால்வோ வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்தே கொடுக்கும். பட்டை வேலை செய்தபின் பலர் இதைச் சரிபார்ப்பதே இல்லை.

மலை இறக்கம் தனிக் கதை. 1,500 கிலோ வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டுமே நம்பினால் அத்தனை சூட்டையும் டிரம்மும் லைனிங்கும்தான் தாங்க வேண்டும். சூடு ஏற ஏறப் பிடிப்பு குறையும். இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கருகிய வாடை வந்தால் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஆறும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் சூடான டிரம் விரிசல் விட்டுவிடும்.