அழுத்தத்தை எடுத்த பின்னும் மாறாத காந்தம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இருபரிமாணக் காந்தங்கள், அதாவது ஓரிரு அணு அடுக்கு மட்டுமே தடிமன் கொண்ட காந்தங்கள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் இயற்பியல் முதுகலை மாணவி. குரோமியம் ட்ரை அயோடைடின் ஈரடுக்குப் படலத்தை அழுத்தினால் அதன் காந்த ஒழுங்கு மாறிவிடுகிறது, அழுத்தத்தை எடுத்தாலும் திரும்புவதில்லை என்று ஒரே வரியில் சொல்லியிருந்தீர்கள். அணுக்கள் நெருங்குவதால் அவற்றின் காந்தப் பிணைப்பு கூடுகிறது, அதுதான் காரணம் என்று நண்பர்களிடம் விளக்கினேன். “அப்படியானால் அழுத்தத்தை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டுமே, ஏன் வரவில்லை?” என்று ஒருவன் கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விளக்குவீர்களா?

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

உங்கள் நண்பர் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். நெருக்கம் ஒரு பாதி விளக்கம்தான். மறுபாதி, அடுக்குகள் பக்கவாட்டில் நகர்வது.

இந்தப் பொருளில் ஓர் அடுக்குக்குள் இருக்கும் பிணைப்பு வேறு, அடுக்குகளுக்கு இடையே இருக்கும் பிணைப்பு வேறு. ஓர் அடுக்குக்குள் குரோமியம், அயோடின், குரோமியம் என்ற வரிசை ஏறக்குறைய 90 பாகைக் கோணத்தில் அமைந்திருக்கிறது. அந்தக் கோணம் ஸ்பின்களை, அதாவது எலக்ட்ரான்களின் நுண்காந்தங்களை, ஒரே திசையில் நிற்கவைக்கிறது. அதனால்தான் ஒற்றை அடுக்கேகூட 45 கெல்வினுக்குக் கீழே ஃபெர்ரோகாந்தமாக (ஸ்பின்கள் எல்லாம் ஒரே திசையில் நிற்கும் காந்தமாக) இருக்கிறது. 2017இல் இதைக் கண்டறிந்தார்கள். ஆனால் இரண்டு அடுக்குகளைப் பிடித்து வைத்திருப்பது பலவீனமான வான் டெர் வால்ஸ் விசை மட்டுமே. ஈரடுக்கில் மேலடுக்கின் ஸ்பின்கள் ஒரு திசையிலும் கீழடுக்கின் ஸ்பின்கள் அதற்கு எதிர்த்திசையிலும் நிற்கின்றன. மொத்தக் காந்தமாக்கல் பூஜ்யம்.

இதில் ஒரு புதிர் இருந்தது. இதே பொருளின் பருமனான படிகம் 61 கெல்வினுக்குக் கீழே முழுமையான ஃபெர்ரோகாந்தம். அடுக்குகளைக் குறைத்தால் மட்டும் ஏன் எதிரெதிராகத் திரும்ப வேண்டும்? விடை அடுக்கும் முறையில் இருக்கிறது. பருமனான படிகம் குளிரும்போது மோனோகிளினிக் என்ற அடுக்கமைப்பிலிருந்து ரோம்போஹெட்ரல் என்ற அடுக்கமைப்புக்கு மாறுகிறது. மெல்லிய படலங்களோ அறை வெப்பநிலையில் இருந்த மோனோகிளினிக் அமைப்பிலேயே தங்கிவிடுகின்றன. இரு அமைப்புகளுக்கும் உள்ள வேறுபாடு, மேலடுக்கு எந்தப் பக்கம் எவ்வளவு விலகி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். அந்தச் சிறு விலகலால், இடையிலுள்ள இரண்டு அயோடின்கள் வழியாக எந்த எலக்ட்ரான் சுற்றுப்பாதைகள் ஒன்றையொன்று சந்திக்கின்றன என்பது மாறுகிறது. பிணைப்பின் குறியே தலைகீழாகிவிடுகிறது: ரோம்போஹெட்ரலில் அடுக்குகள் ஒரே திசையில், மோனோகிளினிக்கில் எதிரெதிராக.

2019இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகச் செய்த சோதனைகள் இதை நேரடியாகக் காட்டின. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனைகள் இவை. ஈரடுக்குப் படலம் காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்பதால் அதைப் போரான் நைட்ரைடு தாள்களுக்குள் பொதிந்து, இருபுறமும் கிராஃபீன் மின்முனைகளை வைத்து, எண்ணெய் நிரம்பிய அழுத்தக் கலத்துக்குள் இறக்கினார்கள். குளிரவைத்துக் காந்தப்புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால், இரு அடுக்குகளும் ஒரே திசைக்கு வரும் கணத்தில் படலத்தை ஊடுருவிச் செல்லும் மின்னோட்டம் சட்டென்று எகிறும். அழுத்தம் இல்லாதபோது இது 1 டெஸ்லாவுக்கும் குறைவான புலத்திலேயே நடந்துவிடும். அழுத்தம் ஏற ஏற, அதற்குத் தேவையான புலமும் கூடியது. நீங்கள் சொன்ன நெருக்கம் வேலை செய்வது இங்கேதான்.

2 கிகாபாஸ்கலை, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 20,000 மடங்கை, நெருங்கியபோது அந்த எகிறலே காணாமல் போனது. புலமே இல்லாமல் இரு அடுக்குகளும் ஒரே திசையில் நின்றன. அழுத்தத்தை எடுத்த பிறகும் அப்படியே நின்றன. சிதறும் ஒளியைக் கொண்டு அணு அமைப்பைக் காட்டும் ராமன் நிறமாலையை எடுத்துப் பார்த்தபோது அடுக்கு ரோம்போஹெட்ரலாக மாறியிருந்தது.

ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு முட்டை அட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மேலட்டையின் மேடுகள் கீழட்டையின் பள்ளங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட விதங்களில் பொருந்தும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஒரு மேட்டைத் தாண்டியாக வேண்டும். ரோம்போஹெட்ரல்தான் ஆற்றல் குறைந்த நிலை. மெல்லிய படலம் அதை அடைய முடியாமல் தடையின் இந்தப் பக்கமே சிக்கியிருந்தது. அழுத்தம் அதைத் தாண்ட வைத்தது. தாண்டிய பின் திரும்பி வருவதற்கு எந்தக் காரணமும் இல்லை. நெருக்கம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் நண்பர் சொன்னதுபோலத் திரும்பியிருக்கும்.

அதே ஆண்டு வேறொரு சோதனையில், ஒரு வைர நுனியால் காந்தப்புலத்தை அளந்துகொண்டிருந்தபோது அந்த நுனி ஒரு படலத்தைத் துளைத்துவிட்டது. அதன்பின் அடுக்குகளுக்கிடையிலான காந்த ஒழுங்கும் மாறியிருந்தது. கட்டமைப்பைத் தொட்டால் காந்தமும் மாறும் என்பதற்கு இன்னொரு சான்று அது.

இந்த விளக்கத்தை எல்லா அடுக்குப் பொருள்களுக்கும் பொருத்திவிடாதீர்கள். குரோமியம் ஜெர்மானியம் டெல்லூரைடை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அழுத்தம் அதன் கியூரி வெப்பநிலையை, அதாவது எதற்குக் கீழே அது ஃபெர்ரோகாந்தமாகிறதோ அந்த வெப்பநிலையை, குறைக்கிறது. ஆனால் சுமார் 4.5 கிகாபாஸ்கலைத் தாண்டியதும் போக்கு தலைகீழாகி, 9 கிகாபாஸ்கல் அளவில் அது 250 கெல்வினைத் தொடுகிறது; சாதாரண அழுத்தத்தில் 66 கெல்வின்தான். அங்கே பொருள் உலோகமாகிவிடுகிறது, எலக்ட்ரான்கள் சுதந்திரமாக ஓடத் தொடங்குகின்றன. அடுக்கு நகர்வதைக் கொண்டு இதை விளக்க முடியாது. உங்கள் நண்பருடன் அடுத்ததாக இதை எடுத்துப் பேசுங்கள். சந்தேகம் வந்தால் மறுபடியும் எழுதுங்கள்.