புதுத் தளிர் வெளுத்தால் உரம் போடாதீர்கள்

கேள்வி: ஐயா, செந்தூல் அடுக்குமாடி வீட்டில் வரவேற்பறைச் சன்னலோரம் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கிறேன். சில மாதங்களாகப் புதிதாக வரும் தளிரெல்லாம் மஞ்சளாக வெளுக்கிறது. நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. தோட்டத்தில் இருக்கும் மாமியார் கொடுத்தனுப்பும் அடுப்புச் சாம்பலை அடிக்கடி தூவுகிறேன். சத்துக் குறைவு என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால், வாரம் ஒரு கரண்டி 15-15-15 உரமும் போடுகிறேன். இப்போது இலை நுனி வேறு கருகுகிறது. என்ன செய்யலாம்? - வாசகி, கோலாலம்பூர்

பதில்: அன்புச் சகோதரி, சாம்பல், உரம் இரண்டையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் செடி பட்டினி கிடக்கவில்லை. மண்ணில் சத்து இருக்கிறது, வேரால் அதை எடுக்க முடியவில்லை.

எந்த இலை முதலில் மஞ்சளானது என்பதை நீங்கள் சரியாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிட்டது. நைட்ரஜன், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி முற்றிய இலையிலிருந்து உருவித் தளிருக்குக் கொடுத்துவிடும். ஆகவே அடி இலைதான் முதலில் வாடும். இலை முழுக்க ஒரே சீராக மஞ்சளானால் நைட்ரஜன், நரம்புக்கு நடுவில் மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம், ஓரம் கருகினால் பொட்டாசியம் என்று முதலில் சந்தேகப்படலாம். இரும்பு அப்படி எளிதில் நகராது. அது கிடைக்காவிட்டால் அடி இலை பச்சையாகவே இருக்க, தளிர் வெளுக்கும். உங்கள் செடியில் நடப்பது இதுதான்.

காரணம் பெரும்பாலும் அந்தச் சாம்பல். விறகுச் சாம்பல் மண்ணின் காரத்தன்மையைச் சட்டென்று ஏற்றிவிடும். மண்ணின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் பிஎச் அளவு 7-ஐத் தாண்டினால் மண்ணில் இரும்பு இருந்தாலும் கரையாது. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, கார மண்ணில் இரண்டுமே இப்படித்தான் வெளுக்கும். தோட்டத்து மண் புளிப்பானது, மழையும் கழுவிக்கொண்டே இருக்கும். மாமியார் வீட்டில் சாம்பல் நல்லதே செய்திருக்கும். வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் அது தங்கிச் சேர்ந்துவிடுகிறது. நுனி கருகுவது வாராவாரம் போட்ட உரத்தின் உப்பால். மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து வேரைப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் எந்த மருந்தும் வாங்காதீர்கள். தொட்டியைச் சாய்த்து, விளிம்பைத் தட்டி, செடியை மண்ணோடு உருவுங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் இழுத்தால் மேல்தோல் வழுக்கிக் கழன்று, உள்ளே நூல்போல் ஒரு நரம்பு மட்டும் நிற்கும், நாற்றமும் அடிக்கும். அடித்தட்டில் தண்ணீர் தேங்கவிடுகிறவர்கள் வீட்டில் இதை அதிகம் பார்க்கலாம். அழுகிய வேருக்கும் இரும்பை எடுக்கத் தெம்பிருக்காது. தளிர் இதேபோல்தான் வெளுக்கும்.

வேர் அழுகியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புது மண்ணில் நடுங்கள். செம்மண், மக்கிய உரம், தேங்காய் நார்த்தூள், கரடு மணல் கலந்தால் போதும். கருக்கிய உமி அதிகம் கலந்த மண் மூட்டை இப்போதைக்கு வேண்டாம், அதற்கும் காரம் உண்டு. வேர் நன்றாக இருந்தால் தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், தொட்டிக் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். உப்பு கரைந்து போய்விடும். காரம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அதனால் மேல்மண்ணைச் சாம்பலோடு சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போடுங்கள். பிறகு இரும்புச் சீலேட் தூளை, அதாவது செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலுள்ள இரும்பை, பொட்டலத்தில் சொன்ன அளவில் கரைத்து, மாலையில் தளிர்மேல் தெளியுங்கள். சுங்கை பூலோ நர்சரிப் பக்கம் போனால் கேட்டுப் பாருங்கள்.

சன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எழுதவில்லையே! வடக்குப் பார்த்ததென்றால், கோலாலம்பூரில் செப்டம்பர் பிற்பாதியிலிருந்து மார்ச் கடைசிவரை நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், செடிக்கு நேர் வெயில் கிடைக்காது. வெயில் குறைந்தால் செடி குடிக்கும் தண்ணீரும் குறையும். பழைய கணக்கிலேயே ஊற்றினால் மண் காயாமல் வேர் மூச்சுமுட்டும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். கறிவேப்பிலைக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும்; பால்கனி இருந்தால் அங்கே மாற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே மிகவும் வெளுத்த இலை முழுதாகப் பச்சைக்குத் திரும்பாமல் போகலாம். அதைப் பார்த்துக் கவலைப்பட்டு மறுபடி உரம் போடாதீர்கள். இனி வரும் தளிரின் நிறத்தைப் பாருங்கள். அது பச்சையாக விரிந்த பிறகு மாதம் ஒருமுறை, இப்போது போடுவதில் கால்பங்கு உரம் போதும். சமையலுக்கு முற்றிய இலையைப் பறித்துக் கழுவிக்கொள்ளலாம். தளிரை மட்டும் மூன்று நான்கு கொத்து வரும்வரை கிள்ளாமல் விடுங்கள்.